பாதியில் திரும்புகிறவர்

அன்று காலை என்னைக் கேட்பதற்கு முன்பே அவர் அந்தத் தண்ணீர் கேன்களைத் தூக்கிப் பார்த்திருந்தாரா?

மூன்று வருஷமாக இதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. தூக்கிப் பார்க்காமல் கேட்டார் என்றால் நான் ஒருவரை ஏமாற்றினேன். தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார் என்றால் என்ன நடந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பாத்திரம் தேய்க்கும்போதும் பையனுக்குச் சட்டை மாட்டும்போதும் இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துப் பார்க்கிறேன். அழுகை வருவதில்லை. ஒன்றுமே வருவதில்லை என்பதுதான் உண்மை.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. யாழ்ப்பாணத்துக்காரர். மயக்க மருந்து டாக்டர். ஐம்பதைத் தாண்டியவர். நாங்கள் இருக்கும் கேட்டி, அமெரிக்காவில் ஹூஸ்டனுக்கு மேற்கே இருக்கிற ஊர். இங்கே இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கெல்லாம் அவர் வெறும் 'ஆன்ட்டி'. அவருடைய கணவருக்குச் சவுதியில் வேலை, வருஷத்துக்கு இரண்டு தடவை வருவார். அங்கிள் வாங்கிப்போட்ட உயரமான ஃபோர் வீல் டிரைவ் வண்டியை ஆன்ட்டிதான் ஓட்டுவார். ஆள் குள்ளம். ஸ்டியரிங்குக்கு மேலே ரோடு தெரிவதற்காக ஒரு தலையணையை மடித்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருப்பார். ஹாஸ்பிடலுக்கும் அந்த வண்டிதான், தமிழ்ச் சங்கத்துக்கும் அந்த வண்டிதான்.

நான் அவரை முதலில் பார்த்தது ஆபரேஷன் மேஜையில் படுத்துக்கொண்டு. அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. குழந்தை திரும்பவில்லை, ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று திடீரென்று சொல்லிவிட்டார்கள். என் கணவரை வெளியே நிறுத்திவிட்டார்கள். என் தலைப்பக்கத்தில் முகமூடி போட்ட ஒரு ஆள் குனிந்து, "பேரைப் பாத்தனான். தமிழோ?" என்றது.

"ஆமாம்" என்றேன்.

"பயப்பிடாதையும் பிள்ளை. மருந்து முழுக்கத் தரேல்லை. மிச்சம் என்ரை கையில கிடக்கு. வேணுமெண்டால் தருவன்."

இடுப்புக்குக் கீழே எனக்கு ஒன்றும் தெரியவில்லை. யாரோ ஒரு பையில் சாமான் தேடுவது போல வயிற்றில் ஒரு அசைவு மட்டும் இருந்தது. மிச்சம் அவர் கையில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே படுத்திருந்தேன். கார்த்திக் பிறந்தான்.

எதையும் பாதியோடு நிறுத்துகிறவர் அவர். அதைத்தான் எழுத வந்தேன்.

பெட்ரோல் முள் பாதிக்கு வந்தால் போய் நிரப்பிவிடுவார். கால் டாங்கில் ஓடும் வண்டியில் ஏற மாட்டார். விருந்துகளில் பாதித் தட்டு சாப்பிட்டுவிட்டு, தட்டைக் கீழே வைத்து, பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருப்பார். அதற்கப்புறம்தான் மீதியைச் சாப்பிடுவதா என்று முடிவு செய்வார். சங்கத்து விழாவில் எல்லோரும் கலகலப்பாக இருக்கும் நேரத்தில் எழுந்து காலணியைத் தேடுவார்.

"பாயசமே இன்னும் வரலியே, ஆன்ட்டி" என்பேன்.

"காணும் பிள்ளை" என்பார். போதும் என்பதை அவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். "நல்லாயிருக்கேக்கையே வெளிக்கிட்டிட வேணும்."

இந்தப் பழக்கம் ஜாம்பியாவில் வந்தது என்று ஒரு முறை சொன்னார். அங்கே காட்டுக்குள் ஒரு ஆஸ்பத்திரியில் அவரும் அங்கிளும் ஏழு வருஷம் வேலை பார்த்திருக்கிறார்கள். அடுத்த ஊர் எண்பது மைல். பெட்ரோலோ தண்ணீரோ வெளிச்சமோ, எது முதலில் பாதிக்கு வருகிறதோ அந்த இடத்தில் வண்டியைத் திருப்பிவிட வேண்டும். அவ்வளவுதான் சொன்னார். ஒரு தடவையாவது திருப்பாமல் போனாரா, போய் ஏதாவது ஆனதா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

கார்த்திக்குக்கு முடி இறக்குவதற்காகப் பேர்லாண்டில் இருக்கும் கோயிலுக்குப் போக வேண்டியிருந்தது. என் கணவருக்கு அன்று ஆபீஸில் மீட்டிங். ஆன்ட்டி கிறிஸ்தவர், இருந்தாலும் லீவு போட்டுவிட்டு வண்டியை எடுத்து வந்தார். பாதி வழியில் மழை பிடித்தது. வைப்பர் போட்டும் முன்னால் போகிற வண்டி தெரியவில்லை. ஓரமாக நிறுத்தி ஐந்து நிமிஷம் பார்த்தார். பிறகு, "திரும்புவம்" என்றார்.

"ஐயர் காத்திட்டிருப்பாரு, ஆன்ட்டி. முகூர்த்தம் பார்த்து வச்சிருக்கு."

"ஐயருக்கு நான் போன் பண்ணிச் சொல்லுறன்."

திரும்பிவிட்டோம். அன்று அந்த ரோட்டில் ஒன்றும் ஆகவில்லை. மற்றவர்கள் போய்த் தரிசனம் செய்துவிட்டு வந்தார்கள். மெட்ராஸிலிருந்து என் மாமியார் போனில் மூன்று நிமிஷமும் இதையே பேசினார். என் கணவர் அன்றைக்கு வைத்த பெயர்தான் 'பாதி ஆன்ட்டி'. அவர் வைத்தது அவருடைய ஆபீஸ் நண்பர் மூர்த்தி வழியாக எல்லா வீட்டுக்கும் போய்விட்டது. ஆன்ட்டிக்கும் தெரியும் என்று நினைக்கிறேன்.

எனக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை, ஆனால் நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அவர் கூட இருந்தால் நிம்மதியாக இருக்கும். நான் எப்போதும் எதையாவது நினைத்துப் பயந்துகொண்டே இருக்கிற ஆள். குழந்தை தும்மினாலும் பயம், தும்மாவிட்டாலும் பயம். ஆன்ட்டி பக்கத்தில் இருந்தால் எனக்கும் சேர்த்து அவர் பயந்துகொள்வார், நான் சும்மா இருக்கலாம் என்று தோன்றும். அவரிடம் இதைச் சொன்னதில்லை.

அந்த வருஷம் எண்ணெய் விலை இறங்கிப் போய் ஹூஸ்டன் முழுக்க வேலை போய்க்கொண்டிருந்தது. என் கணவருடைய மாடியில் முப்பது பேர் இருந்த இடத்தில் பதினோரு பேர். வீட்டுக்கு வந்தால் டிவியைப் போட்டுவிட்டு அதைப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பார். மார்ச் மாதத்தில் ஒரு நாள் மூர்த்தி வந்து, ஆன்ட்டி பிக் பெண்ட் போகிறாராம், அங்கிள் இந்தத் தடவை வரவில்லையாம், நாம் போகலாமா என்று கேட்டார். என் கணவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பல வாரமாக அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. அதனால் கார்த்திக்குக்குப் பதினான்கு மாதம்தான் ஆகிறது என்று நான் சொல்லவில்லை.

பிக் பெண்ட் என்பது டெக்சஸின் மேற்கு மூலையில், மெக்சிகோ எல்லையை ஒட்டிய பாலைவனம். நேஷனல் பார்க். கேட்டியிலிருந்து காரில் பத்து மணி நேரம். தார் ரோடு கொஞ்ச தூரம்தான். அதற்கப்புறம் மண்ணும் கல்லும் போட்ட தடங்கள். பர்மிட் வாங்கிக்கொண்டு அந்தத் தடத்தில் போய், எங்கே இடம் குறித்துக் கொடுத்திருக்கிறார்களோ அங்கே கூடாரம் போட்டுக்கொள்ள வேண்டும். குழாய் கிடையாது. கக்கூஸ் கிடையாது. மரம் கிடையாது. ஆள் உயரத்துக்கு முள் குச்சிகள் மட்டும் கொத்துக் கொத்தாக நிற்கும்.

நாலு நாளைக்கு நாலு கேன் தண்ணீர். ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட இருபது லிட்டர் பிடிக்கும் வெள்ளை பிளாஸ்டிக் கேன். பின்கதவைத் திறந்து ஆன்ட்டி காட்டினார்.

"ரெண்டு போக. ரெண்டு வர. ரெண்டாவது முடியேக்க நாங்கள் எங்கை நிண்டாலும் திரும்புவம். தண்ணிக்குப் பொறுப்பு நீர், பிள்ளை. மற்ற ரெண்டு பேரையும் நான் நம்பேல்லை."

மூர்த்தி, "நாங்க பீர் கேனுக்குப் பொறுப்பு, ஆன்ட்டி" என்றார். ஆன்ட்டி சிரித்தார்.

நான் என்ன செய்தேன் என்று எழுதிவிடுகிறேன்.

அரிசியை மூன்று தண்ணீரில் கழுவினேன். நாலாவது தண்ணீர் தெளிவாக வந்ததும்தான் அடுப்பில் வைத்தேன். சாப்பிட்ட தட்டுகளை எச்சிலோடு வைக்க மனசு வரவில்லை, கழுவினேன். காகிதத்தில் துடைத்துப் பழக்கமில்லை, ஒவ்வொரு தடவையும் முள் மறைவுக்கு ஒரு மக் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனேன். கார்த்திக்குக்குக் கடை டயப்பர் ஒத்துக்கொள்ளாது, புண்ணாகிவிடும், துணிதான். துணிகளை அலசினேன். சாயங்காலம் அவன் காதுக்குள்ளெல்லாம் மண்ணாக இருந்தது, குளிப்பாட்டினேன். இதில் எதுவும் எனக்குத் தண்ணீரை வீணாக்குவதாகத் தோன்றவில்லை. சுத்தமாக வளர்த்திருக்கிறார்கள், சுத்தமாக இருந்தேன். மனசுக்குள் எங்கேயோ குழாய் திறந்தே இருந்திருக்கிறது.

இரண்டாம் நாள் சாயங்காலம் ஸ்டவ்வைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். மறுநாள் காலை ஒரு பிரிவு வரும். இடது பக்கம் போனால் இரண்டு மணி நேரத்தில் தார் ரோடு. வலது பக்கம் போனால் ஆற்றை நோக்கி இன்னும் பன்னிரண்டு மைல் மோசமான தடம், அதன் முடிவில் பாழடைந்த ஒரு பழைய சுரங்கம். என் கணவருக்கு அந்தச் சுரங்கத்தைப் பார்க்க வேண்டும்.

மூர்த்தி என் கணவரிடம் சொன்னார்: "நாளைக்குப் பாதி தூரம் போவோம். பாதி சுரங்கத்தைப் பார்ப்போம். பாதி போட்டோ எடுப்போம். போட்டோல தலை மட்டும்தான் விழும், சேகர். கால் அடுத்த வருஷம்."

என் கணவர் வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆன்ட்டி, "என்ரை வண்டியில வந்து எனக்கே பகிடி விடுறியள்" என்று சொல்லி, தட்டைக் கீழே வைத்தார்.

காலையில் கேன்களைப் பார்த்தேன். மூன்றாவது காலி. நாலாவதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு நிமிஷம் எனக்குப் புரியவில்லை, யாரோ எடுத்துவிட்டார்கள் என்றுகூட நினைத்தேன். பிறகு துணிகள் கொடியில் காய்ந்துகொண்டிருப்பதைப் பார்த்தேன். காலிக் கேன்கள் மூன்றையும் படுக்கைச் சுருளுக்குப் பின்னால் தள்ளினேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே கூடாரத்தை மடித்தேன்.

பிரிவுக்கு வந்ததும் ஆன்ட்டி வண்டியை நிறுத்தி இறங்கினார். பெட்ரோல் முள்ளைப் பார்த்தாகிவிட்டது. பானெட்டைத் திறந்து எண்ணெய் பார்த்தார். பின்பக்கம் போனார். பின்கதவைத் திறந்தார். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். நான் குழந்தையோடு முன்னால் இருந்தேன், அவர் கை எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு என் பக்கத்து ஜன்னலுக்கு வந்தார்.

"தண்ணி பாதி கிடக்கோ, பிள்ளை?"

என் கணவரும் மூர்த்தியும் மேப்பை பானெட்டின் மேல் விரித்துப் பிடித்திருந்தார்கள். என் கணவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. வருவாயா என்று குழந்தையைக் கூப்பிடுகிற மாதிரி பார்த்தார்.

"இருக்கு, ஆன்ட்டி" என்றேன்.

ஆன்ட்டி என் முகத்தைப் பார்த்தார். கார்த்திக்கின் தலையைத் தொட்டார்.

"சரி. அப்ப போவம்."

ஏழாவது மைலில் ஒரு டயர் கிழிந்தது. மாற்றினார்கள். ஒன்பதாவது மைலில் இன்னொன்று. இரண்டாவது ஸ்டெப்னி இல்லை. மணி பதினொன்றரை. வண்டி நின்றதும் சத்தம் எல்லாம் போய்விட்டது. மூர்த்தி, "தண்ணி குடிச்சிட்டு யோசிப்போம்" என்று பின்கதவைத் திறந்தார். படுக்கைச் சுருளை இழுத்தார். காலிக் கேன்கள் ஒன்றின் மேல் ஒன்று உருண்டன.

"சிஸ்டர்" என்றார். "சேகர், இங்க வா. தண்ணி எங்கடா?"

என் கணவர் வந்து ஒவ்வொரு கேனாக ஆட்டிப் பார்த்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லப் போனேன் என்று எனக்கே தெரியாது.

"நான்தான்" என்றார் ஆன்ட்டி. "காலமை ரேடியேட்டருக்கு ஊத்தினனான். எஞ்சின் சூடேறிக்கொண்டு கிடந்தது."

"குடிக்கிற தண்ணியையா, ஆன்ட்டி?"

"ஓம்."

"ஒரு கேன் முழுசாவா?"

"ஓம்."

"என்ன ஆன்ட்டி நீங்க. பாதி பாதின்னு எங்க உயிரை வாங்கிட்டு" என்று மூர்த்தி ஆரம்பித்தார். என் கணவர் அவர் தோளைத் தொட்டு நிறுத்தினார். ஆன்ட்டி கேனைத் தூக்கி நிழல் பக்கம் வைத்தார். அவர் காலையில் பானெட்டைத் திறந்தது உண்மை. அப்போது அவர் கையில் தண்ணீர் மக் எதுவும் இல்லை. இதை நான் பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். இல்லை.

நடந்து போகக் கூடாது, வண்டியோடு இருக்க வேண்டும், அந்த வழியில் தினமும் யாராவது வர வாய்ப்பிருக்கிறது என்றார் ஆன்ட்டி. ஆறு லிட்டருக்குக் குறைவாக இருந்த தண்ணீரைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். குழந்தையின் பாலுக்கு முதலில் ஒதுக்கினார். எங்களுக்கு மணிக்கு ஒரு மூடி. தன் மூடியை வாங்காமல், "பிறகு குடிக்கிறன்" என்றார். வண்டிக்கு அடியில் நிழலில் நானும் குழந்தையும் படுத்திருந்தோம். ஆன்ட்டி சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை கேட்பார்.

"ஈரமோ?"

நான் அவன் இடுப்புத் துணியைத் தொட்டுப் பார்ப்பேன். "இல்லை, ஆன்ட்டி."

மூன்று மணிக்கு இல்லை. நாலு மணிக்கு இல்லை. ஐந்து மணிக்கு அவன் அழுதான், கண்ணில் தண்ணீர் வரவில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று ஒரு டாக்டர் பக்கத்தில் இருக்கும்போது நான் கேட்கவில்லை. அவர் பாட்டிலில் இன்னும் இரண்டு மூடி ஊற்றினார். அவர் உதடு வெடித்திருந்தது. அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றியதெல்லாம், ஆபரேஷன் மேஜையில் இருந்தது போல, யாரோ ஒருவருடைய உடம்பில் என்னமோ நடக்கிறது என்பதுதான்.

ராத்திரியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. விடிந்ததும் துணி ஈரமாக இருந்தது. "ஈரம், ஆன்ட்டி" என்றேன். அவர் தலையை ஆட்டினார். எட்டு மணிக்குப் பக்கமாக ஒரு வயதான அமெரிக்கத் தம்பதி ஒரு பிக்-அப்பில் வந்தார்கள். அந்த அம்மா ஆன்ட்டியின் கையில் ஒரு பெரிய டம்ளர் நிறையத் தண்ணீர் கொடுத்தார். ஆன்ட்டி பாதி குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்துக் காத்திருந்தார். மூர்த்தி அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஊருக்குத் திரும்பிய பிறகு இது ஒரு கதையாகிவிட்டது. என் கணவர் கெட்டவர் இல்லை. கதை நன்றாகச் சொல்வார், அவ்வளவுதான். எந்த வீட்டுக்குப் போனாலும் கேட்பார்கள். "பாதி, பாதின்னு ஊருக்கெல்லாம் சொல்லிட்டு, நடுப் பாலைவனத்துல குடிக்கிற தண்ணியை எடுத்து எஞ்சினுக்கு அபிஷேகம் பண்ணிட்டாங்க." எல்லோரும் சிரிப்பார்கள். நான் புளியோதரை பரிமாறிக்கொண்டிருப்பேன். ஒரு வீட்டில் ஒரு அம்மா, "ஆபரேஷன் தியேட்டர்லயும் இப்படித்தானோ என்னவோ, எந்த மருந்தை எங்க ஊத்தறாங்களோ" என்றார். அதற்கும் சிரித்தார்கள். ஆனால் கொஞ்ச நாளில் எங்கள் குடும்பங்களில் ஒருவருக்குப் பித்தப்பை ஆபரேஷன் வந்தபோது, வேறு மயக்க டாக்டர் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அதற்கப்புறம் இன்னொருவரும். கையில் கரண்டியோடு இதையெல்லாம் நான் கேட்டேன்.

ஒரு தடவை சொல்லிவிடலாம் என்று அவர் வீட்டுக்குப் போனேன். டீ போட்டுக் கொடுத்தார். அங்கிளின் கடிதத்தைப் பற்றிப் பேசினார். நான், "ஆன்ட்டி, அன்னிக்குத் தண்ணி விஷயத்துல நான்..." என்று ஆரம்பித்தேன். அவர் என் மடியில் இருந்த கார்த்திக்கைப் பார்த்து, "பிள்ளை நித்திரையாகிறான் போல. உள்ளுக்குக் கொண்டுபோய்க் கிடத்தும்" என்றார். கிடத்திவிட்டு வந்தேன். டீ ஆறியிருந்தது. வேறு பேச்சு வந்துவிட்டது. அவர் வேண்டுமென்றே தடுத்தாரா, அல்லது குழந்தை நிஜமாகவே தூங்கிப்போனதால் சொன்னாரா? அவன் தூங்கியது உண்மைதான்.

இப்போது அவனுக்கு நாலு வயது. நாம் பேசுவதெல்லாம் புரியும், பதில் இங்கிலீஷில்தான். போன தீபாவளிக்கு ஒரு வீட்டில் எல்லோரும் கூடியிருந்தோம். ஆன்ட்டி வந்து சோபா ஓரத்தில் உட்கார்ந்தார். இவன் நேரே போய் அவர் முன்னால் நின்று, "யூ ஆர் தி ஆன்ட்டி ஹூ கேவ் மை வாட்டர் டு தி கார்" என்றான். அறை முழுக்கச் சிரித்தது. என் கணவர் மட்டும் கொஞ்சம் சங்கடமாக, "டேய், சாரி சொல்லு" என்றார்.

ஆன்ட்டி, "ஓம், ராசா. நான்தான்" என்றார்.

அதற்கப்புறம் அவர் எங்கள் கூட்டங்களுக்கு அவ்வளவாக வருவதில்லை.

போன வாரம் புவனா போன் செய்தாள். மெட்ராஸிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்து இரண்டு வருஷம் ஆகிறது, எட்டு மாதப் பெண் குழந்தை. கிறிஸ்துமஸ் லீவில் மூர்த்தியும் அவள் கணவரும் பிக் பெண்ட் போகத் திட்டம் போடுகிறார்கள். அந்தச் சுரங்கம் வரைக்கும். நாங்களும் வரலாம் என்கிறார்கள்.

"அக்கா, எனக்குப் பயமா இருக்கு. ஹாஸ்பிடல்ல அந்த டாக்டர் ஆன்ட்டியைப் பார்த்தேன். தானே வண்டி ஓட்டிட்டு வர்றேன்னாங்க. இவர் வேணாங்கறாரு. மூர்த்தியே ஓட்டுவாராம். நீங்க அவங்களோட போயிருக்கீங்களே. அவங்களை நம்பிப் போகலாமா?"

மூர்த்தி எந்த இடத்திலும் வண்டியைத் திருப்புகிற ஆள் இல்லை. எனக்கு அது தெரியும். எட்டு மாதக் குழந்தையோடு பாலைவனத்துக்குப் போனால் யார் வண்டியில் போக வேண்டும் என்றும் தெரியும். என் கணவர் பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்டுக்காரரைக் கேட்டுட்டுச் சொல்றேன், புவனா" என்றேன்.

இன்னும் கேட்கவில்லை. அவள் இரண்டு தடவை மறுபடி கூப்பிட்டுவிட்டாள். ஆன்ட்டியை நம்பலாம் என்று மட்டும் சொன்னால், அப்போ அந்தத் தண்ணீர்க் கதை என்று கேட்பாள். அதைச் சொன்னால் அன்றைக்கே அவள் கணவருக்குத் தெரியும், மறுநாள் மூர்த்திக்கு, அதற்குள் என் வீட்டுக்கு. மூன்று வருஷம் எல்லா வீட்டிலும் அவரைச் சிரித்துக்கொண்டே கதை சொல்ல விட்டேன் என்று என் கணவருக்குத் தெரிந்துவிடும். அவர் என்னை அடிக்கவோ திட்டவோ மாட்டார். பேசாமல் இருப்பார். சொல்லாவிட்டால் அந்தக் குழந்தை மூர்த்தியோடு போகும்.

இந்தப் பத்திரிகை எங்கள் ஊரில் வேறு யாருக்கும் வருவதில்லை. என் அம்மா கட்டி அனுப்புவாள், நான் மட்டும்தான் படிப்பேன். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். டிசம்பருக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது, கடிதம் வந்து சேர நேரம் இருக்கிறது. படிக்கிறவர்களில் பெரியவர்கள், குழந்தை வளர்த்தவர்கள் இருப்பீர்கள். யாரிடம் முதலில் சொல்ல வேண்டும்? என் கணவரிடமா, புவனாவிடமா, அல்லது ஆன்ட்டியிடம் அனுமதி கேட்டுவிட்டா? அவராக ஏற்றுக்கொண்டதை அவரைக் கேட்காமல் நான் திருப்பி எடுத்துக்கொள்ளலாமா? என் கணவருக்குத் தெரியாமல் புவனாவுக்கு மட்டும் புரியவைக்க ஏதாவது வழி இருந்தால் அதையும் எழுதுங்கள். அப்படி வழி தேடுவதே தப்பு என்றால், அதையும் எழுதுங்கள்.